பத்தாம் நாளுக்கு ஒரு ரொட்டி

வீட்டில் ஓர் உயிர் போய்விட்டால், பிடித்துவைத்த தண்ணீர், அரைத்துவைத்த மாவு, உறைகுத்திய பால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பவானிபூர் சந்தில் மஹாதேவனின் மூச்சு நின்ற காலையில், அனந்தலக்ஷ்மி மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குடம், தவலை, இட்லி மாவு, தயிர்ச் சட்டி என்று ஒன்று விடாமல் முற்றத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் வாயில் துணி கட்டிய கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். புளிப்பு வாடை அடித்தது. கெட்டுப்போன கஷாயம் போலிருக்கிறது என்று அதையும் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. கல்கத்தாவில் அப்போது இருந்த நம்மவர் குடும்பங்களில் பிறப்பு, இறப்பு எதுவானாலும் மாமிதான் முதலில் வந்து நிற்பாள். பன்னிரண்டு வயதில் தாலியறுத்து, தலையை மழித்து, பாங்கியில் வேலை பார்க்கும் தம்பியோடு இந்த ஊருக்கு வந்தவள். அவளுக்குத் தெரியாத சாஸ்திரமில்லை. தெரியாதது அந்த ஜாடி ஒன்றுதான். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரைத் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது.

மஹாதேவன் கார்டன் ரீச்சில் கப்பல் துறை ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால், தனியாளாக மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஏதோ ஒரு கப்பலின் சமையற்காரன் தேங்காய்த் துருவலும் ஏலம், கிராம்பு, பட்டையும் போட்டு ஒரு ரொட்டி சுடுவதைப் பார்த்திருக்கிறார். அவன் கையால் வாங்கித் தின்னவே இல்லை, பார்த்ததோடு சரி என்று பெண்டாட்டி ஜகதாம்பாளிடம் சத்தியம் செய்தார். ஜகதா அதை நம்பினாள் என்று சொல்வதற்கில்லை. தின்னாமல் ஒரு மனுஷனுக்கு அவ்வளவு ருசி எப்படித் தெரியும்?

பாவ் ரொட்டி என்றாலே நம்மவர்களுக்குக் குமட்டும். கள்ளை ஊற்றிப் பொங்கவைத்து, காலால் மிதித்துப் பிசைவது என்று பேச்சு. மஹாதேவன் கள்ளுக்குப் பதில் ஒரு வழி கற்றுவைத்திருந்தார். கிஸ்மிஸ் பழத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஜாடியில் சில நாள் வைத்தால், தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை மைதாவில் விட்டுப் பிசைந்தால் மாவு இரண்டு பங்காகப் பொங்கும். கொஞ்சத்தை ஜாடியிலேயே விட்டு, மேலே பழமும் சர்க்கரையும் போட்டு வந்தால் அடுத்த வாரத்துக்கும் ஆயிற்று.

"இதுவும் கள்ளோட தங்கைதானே?" என்றாள் ஜகதா, முதல் தடவை.

"உன் இட்லி மாவுக்கு அக்கா," என்றார் அவர்.

அப்படி ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி. வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். ஜகதா தேங்காய் துருவி வறுத்து, மசாலா பொடிப்பாள். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவு பிசைவார். பிசைவது அவர் வேலை, அவளைத் தொடவிடமாட்டார். "உன் வளையெல்லாம் மாவுக்குள்ள போயிடும், நகர்ந்து நில்லு," என்பார். பிறகு மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த அடுப்பில் வைத்து, மேல்தகட்டில் தணலைப் பரப்பிச் சுடுவார். சந்து முழுக்க மணக்கும். யாராவது கேட்டால் மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் பெண்டாட்டி தீதி ஏதோ பண்ணுகிறாள் என்று வங்காளி தலையில் பழியைப் போட்டுவிடுவாள் ஜகதா. தீதியும் நல்லவள். கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

குழந்தை இல்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஊர் பேசியதே தவிர அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரொட்டி வெந்ததும் ஓரத்தைப் பிய்த்து, ஊதி ஊதித் தின்பார்; அடுத்த துண்டு அவளுக்கு. ஆண்பிள்ளை ஒருவர் தன் கையால் பிசைந்து சுட்டதைப் பெண்டாட்டிக்குக் கொடுத்தார் என்றால் அந்தக் காலத்தில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஜகதாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த சுகம் அதுதான்.

தலைநகரத்தை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் மஹாதேவனுக்கு மார்ச்சளியோடு ஜுரம் வந்தது. டாக்டர் வந்தார், போனார். தை பிறந்து சில நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளை இல்லாததால் கர்மம் செய்ய உட்கார்ந்தவர் மஹாதேவனின் தம்பி சிவராமகிருஷ்ணன். அலிப்பூர் கோர்ட்டு ஆபீஸில் வேலை, நெற்றியில் பட்டை விபூதி, எதிலும் கறார். சாஸ்திரிகள் வந்து பத்தாம் நாள் காரியத்தைப் பற்றிப் பேசும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பத்தாம் நாள் பலிக்குச் சாதத்தோட போனவருக்கு இஷ்டமானதெல்லாம் பண்ணி வைக்கணும். அன்னியோட அவர் பசி தீர்ந்து புறப்படணும். அவருக்கு என்ன பிடிக்கும்?"

"வடை, அதிரசம், தேங்குழல்," என்று மாமி ஒப்பித்தாள். யார் செத்தாலும் அவள் சொல்லும் பட்டியல் அது.

மூலையில் பாயில் முடங்கிக் கிடந்த ஜகதா தலையைத் தூக்கினாள். மூன்று நாளாக வாய் திறக்காதவள்.

"ரொட்டி," என்றாள்.

சிவராமகிருஷ்ணனுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. "மன்னி, என்ன பேசறேள்? அண்ணா பேர்ல நாலு பேர் சிரிக்கணுமா?"

சாஸ்திரிகள் கையமர்த்தினார். "கள்ளு சேருமோ?"

"சேராது. திராட்சைத் தண்ணி."

"யார் பண்ணுவா?"

"ஆத்துலதான். அவரே பிசைவார்."

சாஸ்திரிகள் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டித் திறந்தார். "கடையிலேர்ந்து வந்தா நான் தொடமாட்டேன். ஆத்துல மடியாப் பண்ணினா எனக்கு ஆட்சேபணையில்லை. ஆசைப்பட்டதைத்தான் வைக்கணும்னு இருக்கு. அது இன்னதுதான்னு இல்லை."

சிவராமகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காலம்பற கிளம்பற நேரத்துக்குத் தயாரா இருந்தா எடுத்துண்டு போறேன். இல்லைன்னா காத்திண்டிருக்க முடியாது," என்றார்.

ஜகதா எழுந்து சமையலறைக்குப் போனாள். அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. ஜாடி, பளபளவென்று தேய்த்து, ஜன்னலோரம் கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் கையால் ஊற்றி வைத்த தண்ணீர். ஜுரத்தில் படுப்பதற்கு முந்தைய நாள்கூடப் பழம் போட்டு, துணி கட்டிவிட்டுத்தான் படுத்தார். அவருடையது என்று அந்த வீட்டில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதுவும் சாக்கடையில் போய்விட்டது.

அழுது என்ன பிரயோஜனம்? தீதியிடம் சொல்லிப் புதுக் கிஸ்மிஸ் வரவழைத்தாள். ஜாடியில் போட்டு, சர்க்கரையும் தண்ணீரும் விட்டு, துணி கட்டினாள். வெயில் காலமென்றால் நாலைந்து நாளில் நுரைத்துவிடும். இது கல்கத்தாவின் தை மாதம். கால் வைத்தால் தரை சில்லென்று கடிக்கும். மறுநாள் பார்த்தாள், பழம் அடியில் செத்த மாதிரி கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அடுப்படியில் வைக்கலாமென்றால் மாமி தினம் கழுவிவிடுகிறாள். தீதியின் அடுப்பு சதா எரியும், ஆனால் அங்கே மீன்.

கடைசியில் அவருடைய கம்பளி மப்ளரை எடுத்து ஜாடியைச் சுற்றி, மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பகலெல்லாம் அப்படியே. துக்கம் கேட்க வருகிற பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள் அல்லவா? ஜகதா ஒரு கையால் அவர்களைக் கட்டிக்கொள்வாள். இன்னொரு கை வயிற்றை விட்டு நகராது. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். வாசலில் செருப்புப் போடும்போது கிசுகிசுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு மாமியின் காதுக்கு வந்துவிட்டது.

மாமி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த ஆசையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"ஜகதா, எங்கிட்ட மறைக்காதே. உண்டாயிருக்கியாடீ? வயத்தைப் பிடிச்சுண்டே உக்காந்திருக்கியாம். அப்படி இருந்தா சொல்லிடு. அவன் வம்சம்னு ஒண்ணு இருக்குமே."

ஜகதா தலைப்பை விலக்கி, மப்ளரை அவிழ்த்துக் காட்டினாள்.

மாமி ஜாடியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி ஜாடியைப் பார்த்தாள். புரிய அதிக நேரமாகவில்லை. "அன்னிக்கு நான்தான் கொட்டினேன்," என்றாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எத்தனை வீட்டு எழவில் எத்தனை பேரைத் தேற்றியவள், அன்றைக்கு அவளைத் தேற்ற ஜகதா வேண்டியிருந்தது.

மாமி அதற்குப் பிறகு ஜாடியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜகதா குளிக்கப் போகும் நேரத்தில் அதைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் மத்தியானம் துணியை அவிழ்த்தபோது, பழங்கள் மேலே மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை. ஜகதா காதை வைத்துக் கேட்டாள். உள்ளே பொரிகிற சத்தம் கேட்டது. ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வந்துடுத்து மாமி, வந்துடுத்து," என்றாள்.

மறுநாள் பிற்பகல் குளித்து, ஈரப் புடவையோடு மாவு பிசைய உட்கார்ந்தாள். வேண்டியதையெல்லாம் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வைத்துக்கொண்டாள். வறுத்த தேங்காயும் பொடித்த மசாலாவும் அவளுடைய பாடம், அதில் தடுமாற்றமில்லை. திராட்சைத் தண்ணீரை மைதாவில் விட்டுக் கை வைத்த பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு வருஷம் பக்கத்தில் நின்றும் பிசைவதைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று. எத்தனை நேரம் பிசைவார்? மாவு எப்படி இருந்தால் போதும் என்று விடுவார்? அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாவை இல்லை. ஏறி இறங்குகிற அவருடைய தோளை. மாவை யார் பார்த்தார்கள்?

அந்தத் தோளை நினைத்துக்கொண்டு பிசைந்தாள். மாவு விரலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. வளையலுக்குள் ஏறியது. ஒவ்வொரு தடவையும் வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளிவிட்டாள். அவை சரிந்து சரிந்து மாவுக்குள்ளேயே வந்து விழுந்தன. அவர் சொன்னது சரிதான். நாளைக்கு இந்த இடைஞ்சல் இருக்காது என்று தோன்றிய உடனே கை நின்றுவிட்டது. அப்படியே மாவில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணீர் மாவில் விழுந்தால் தீட்டாகிவிடுமோ என்று பயந்து, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிசைந்தாள். தேங்காயும் மசாலாவும் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடி, மப்ளரையும் மேலே போட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திறந்து பார்த்தாள். மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கியிருந்தது. அவர் செய்த நாட்களில்கூட இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

டின் அடுப்பைப் பற்றவைத்து, மாமி விசிற, ஜகதா சுட்டாள். ஏலமும் கிராம்பும் தேங்காயும் கலந்து அந்த வாசனை எழுந்ததே, வீடு திடீரென்று ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. கூடத்தில் படுத்திருந்த சிவராமகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாடியில் தீதி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். ரொட்டி பொன்னிறமாக, தலை உப்பி, கொஞ்சம் கோணலாக வந்தது. ஓரத்தைப் பிய்க்க ஜகதாவின் கை தானாகப் போயிற்று.

"தொடாதேடீ," என்றாள் மாமி மெதுவாக. "அவனுக்கு வைக்கறதுக்கு முன்னாடி நாம வாயில போட்டுக்கப்படாது."

அதனால் எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே ரொட்டி இலையில் சுற்றப்பட்டது.

காலையில் சிவராமகிருஷ்ணன் அதை வாங்கிக்கொள்ள வந்து நின்றார். மன்னியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "திங்கக்கிழமை டிராம்ல அண்ணா பக்கத்துல உக்காந்தா இந்த வாசனைதான் வரும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிண்டிருந்தான்," என்று சொல்லிவிட்டு, மடித்துணியில் ரொட்டியை வைத்துத் தானே கையில் ஏந்திக்கொண்டு காளிகாட் படித்துறைக்குப் போனார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஆண்பிள்ளைகள் போன பிறகு ஜகதாவுக்கு நடக்க வேண்டியது நடந்தது. அதை விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. பூவும் குங்குமமும் போயின, வளையல் போயிற்று, தாலி போயிற்று. நாவிதன் வந்தான். மடியில் கொத்துக் கொத்தாக மயிர் விழுந்தபோது அவள் அழவில்லை. மாமிதான் பயந்து, "அழுதுடுடீ," என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜகதாவின் மனசு படித்துறையில் இருந்தது. இப்போது இலை போட்டிருப்பார்கள். இப்போது சாதத்தைக் குவித்திருப்பார்கள். இப்போது பக்கத்தில் ரொட்டியை வைத்திருப்பார்கள். அவர் ஓரத்தைத்தான் முதலில் பிய்ப்பார். அந்த நினைப்பு ஒன்று அவளை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தது.

தலையில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைப் புடவையைச் சுற்றிவிட்டு, மாமி தன் வீட்டுக்குக் குளிக்கப் போனாள். ஜகதா சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். பிசைந்த தாம்பாளமும் காலிக் கிண்ணங்களும் முந்தைய நாள் வைத்த இடத்திலேயே இருந்தன. கழுவலாமென்று ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசிக் கிண்ணம் காலியாக இல்லை. அதில் அவள் பொடித்து எடுத்துவைத்த உப்பு அப்படியே இருந்தது.

உப்பை ஆரம்பத்தில் போட்டால் மாவு மந்தமாகிவிடும் என்று அவர் பாதி பிசைந்த பிறகுதான் தூவுவார். அது அவர் கைவேலை, அவள் வேலை இல்லை. எடுத்து வைத்துவிட்டு, வளையலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் மறந்தே போயிற்று. ஐயோ, தாலி போனபோது வராத அழுகை அப்போது வந்தது. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மொட்டைத் தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதாள். சப்பென்று இருந்திருக்குமே. கடைசியாகக் கொடுத்தது, இனிமேல் கொடுக்க முடியாதது, அதைப் போய் வாயில் வைக்க வழியில்லாமல் பண்ணி அனுப்பிவிட்டாளே. ஓரத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்திருப்பாரே. பசியோடேயே போயிருப்பாரே.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. சிவராமகிருஷ்ணன் கால் அலம்பிக்கொண்டு வந்து சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றார்.

"எல்லாம் நல்லபடியா ஆச்சு மன்னி. ரொட்டியைச் சாதத்துக்குப் பக்கத்துலயே வெச்சேன். அப்புறம் கங்கையில விட்டாச்சு."

உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"மன்னி?"

"அதுல நான் உப்பே போடலை," என்றாள் ஜகதா கதவுக்கு உள்ளேயிருந்து. "மறந்துட்டேன். அவர் எப்படிச் சாப்பிட்டிருப்பார்? வாயில வெக்க முடிஞ்சிருக்குமா?"

சிவராமகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. கறாரான மனுஷர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அதுக்கா அழறேள்? நான் அதை நினைச்சுத்தான் திரும்பி வர்ற வழியெல்லாம் பயந்துண்டே வந்தேன். பலிக்கு உப்பு சேரக்கூடாது மன்னி. மாமி வடைக்குக்கூடப் போடலை. ரொட்டிக்கு உப்பு உண்டுன்னு மாமிக்கே தெரிஞ்சிருக்காது, உங்ககிட்ட யாருமே சொல்லலையேன்னு படித்துறையில போய்த்தான் ஞாபகம் வந்தது. உப்புப் போட்டிருக்குன்னு தெரிஞ்சா சாஸ்திரிகள் அதைத் தள்ளி வெச்சிருப்பார். நீங்க பண்ணினதுதான் சரி."

ஜகதாவின் அழுகை நின்றது.

"கூடாதா?"

"கூடாது. போனவாளுக்கு உப்பு கிடையாது."

அவருக்கு அது ஆறுதல் வார்த்தை. சொல்லிவிட்டு, மன்னி தேறிவிட்டாள் என்ற திருப்தியோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜகதா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாடியை மடியில் வைத்துச் சூடு காட்டியதும், வளையலைத் தள்ளித் தள்ளிப் பிசைந்ததும், தணலில் கண் எரியச் சுட்டதும் எல்லாம் அவள் புருஷனுக்கு. பசித்தால் சமையலறை வாசலில் வந்து நிற்கிற, சூடாகப் பிய்த்து ஊதித் தின்கிற மனுஷனுக்கு. உப்பில்லாவிட்டால் முகம் சுளிக்கிற மனுஷனுக்கு. அந்த மனுஷன் படித்துறைக்கு வரவே இல்லை. வந்தது உப்புக் கிடையாத யாரோ.

அந்த வீட்டில் அவர் மூச்சு நின்றபோது எல்லோரும் அழுதார்கள், அவளும் அழுதாள். ஆனால் ஜகதாவுக்கு மஹாதேவன் செத்துப்போனது அந்த மத்தியானம்தான்.